பழைய சிறிய கார் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் கார் வாங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்பது எத்தனையாம் ஆண்டு வாகனம் என்பதையும் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதையும்தான். இந்த இரண்டு எண்களும் விலையைத் தீர்மானிக்கின்றனவே தவிர, அந்தக் கார் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் தொல்லையின்றி ஓடுமா என்பதைச் சொல்வதில்லை. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு வேகன் ஆர் கார்களில் ஒன்று கல்லடிக் கடற்கரையோரம் கூரையில்லாத முற்றத்தில் நின்றிருக்கும். மற்றது உகனையில் கொட்டகைக்குள் நின்று, ஒயில் தவறாமல் மாற்றப்பட்டிருக்கும். விற்பனை விளம்பரத்தில் இரண்டும் ஒரே விலையில் நிற்கும். கார் எங்கே நின்றது, யார் எப்படி ஓட்டினார், எதைக் கவனித்தார், நாளை பழுதானால் நமது ஊரில் யார் திருத்துவார் என்பவற்றுக்கு விடை தேடுவதே உண்மையான பரிசோதனை.

இன்றைய சந்தையின் பின்னணியையும் மனத்திற் கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டில் இருந்த கார்களே திரும்பத் திரும்பக் கைமாறின; விலை ஏற ஏற, மீற்றரைக் குறைத்து வைப்பதில் கிடைக்கும் இலாபமும் ஏறியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பல கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. சில கலப்படப் பெற்றோலில் ஓடின. எனவே 2020க்கு முன் வந்த எந்தக் காரைப் பார்த்தாலும், 2022இல் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பது பொருத்தமான கேள்வியே.

முதற்படி: இங்கே திருத்தக்கூடிய மாதிரியைத் தெரிதல்

காரைப் பார்க்கப் போகுமுன், நீங்கள் வழமையாக நம்பும் கராஜுக்குப் போய், மனத்திலுள்ள இரண்டு மூன்று மாதிரிகளைச் சொல்லி, அவற்றில் எதை அவரால் கொழும்புக்கு அனுப்பாமல் திருத்த முடியும் என்று கேளுங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வீதி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். பாரவண்டியில் ஏற்றி அனுப்பும் செலவே சில வேளைகளில் பழுதின் செலவைத் தாண்டிவிடும்.

எளிமையான பொறிமுறை கொண்ட கார், சொகுசு குறைவானாலும், நமது பகுதியில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது என்பது எனது கணிப்பு. 796 சிசி எஞ்சினும் மனுவல் கியரும் கொண்ட சுசுகி மாருதி ஆல்டோ 800 இதற்குச் சிறந்த உதாரணம்: அதன் உடல் மெலிது, இரைச்சல் அதிகம், ஆனால் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் அதன் உதிரிப்பாகம் இல்லாத கடையைக் காண்பது அரிது. இந்த எஞ்சினில், குறித்த காலத்தில் மாற்றவேண்டிய ரைமிங் பெல்ற் உண்டு என்பதால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்க வேண்டும். விடையில்லாவிட்டால் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். 2014இல் வெளியான பெரொடுவா அக்சியாவும் இதே வகுப்பில் சேரும். 998 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், ரைமிங் செயின், ஒட்டோ வகையில் பழைய பாணி நான்கு வேகக் கியர்ப்பெட்டி. 2005க்குப் பின் வந்த டொயோட்டா விட்ஸின் 1000 சிசி வகையிலும் செயின் உள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். அதில் நீர்ப்பம்புக் கசிவையும் எஞ்சின் தாங்கிகளின் தேய்வையும் தனியே பார்க்க வேண்டும்.

ஜப்பானிய வேகன் ஆர் கார்களில் எம்எச் 34, எம்எச் 44, எம்எச் 55 என்னும் தலைமுறைகள் இங்கே ஏராளம். 658 சிசி எஞ்சின் எளியதே; கவலை, கியர்ப் படிகளின்றி வேகம் மாற்றும் சிவிடி கியர்ப்பெட்டியிலும், சிவப்பு விளக்கில் எஞ்சினை நிறுத்தித் தொடக்கும் முறைக்கென்றே செய்யப்பட்ட விலை கூடிய பற்றரியிலும் இருக்கிறது. டொயோட்டா அக்குவா, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் முழு ஹைபிரிட். எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும், ஆனால் பெரிய பற்றரியும் பிறேக் அழுத்தத்தை உருவாக்கும் அலகும் வயதாகும்போது பெருஞ்செலவு வைக்கும். 2013இல் வெளியான ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டின் ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி, வெளியான முதல் ஓராண்டிலேயே ஜப்பானில் பல தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டதற்கு ஆதாரமும், அதை அறிந்த மெக்கானிக்கும் உங்களிடம் இருந்தாலொழிய, மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை வாங்கும்படி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ஓட்டுவதற்கு அது மிக இனிமையான கார் என்பது வேறு விடயம்.

இரண்டாம் படி: பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கைப்பேசியில் அனுப்பிய படம் போதாது. அதில் தயாரிப்பு ஆண்டும் முதற்பதிவு ஆண்டும் வெவ்வேறாக இருக்கலாம். 2013இல் செய்யப்பட்டு 2015இல் இங்கே பதிவான காரை விற்பவர் 2015 என்றே சொல்வார். இறப்பருக்கும் பற்றரிக்கும் வயது 2013இலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனமோ வங்கியோ இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் அந்தப் பெயர் நீக்கப்பட்ட சான்றிதழும் வரும்வரை முழுப்பணத்தைக் கொடுக்கக் கூடாது. முந்தைய உரிமையாளர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓர் ஆண்டுக்குள் இருமுறை கைமாறிய கார், யாரோ ஒருவர் கண்டுபிடித்து மௌனமாகத் தள்ளிவிட்ட குறையைச் சுமந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு, இடையில் வாங்கியவரின் பெயருக்கு மாறாமலே விற்கப்படும் ஓபன் பேப்பர் கார்கள் நமது பகுதியில் சாதாரணம். அதில் சட்டச்சிக்கல் இருப்பதோடு, இடையில் வைத்திருந்தவர் எவ்வளவு காலம், எதற்காக ஓட்டினார் என்ற தகவலும் அறுந்துபோகிறது. பதிவில் உள்ளவரைத் தொலைபேசியில் பிடித்து இரண்டு நிமிடம் பேசினாலே பல உண்மைகள் வெளிவரும். அவர் விற்றபோது மீற்றர் எவ்வளவு காட்டியது என்பதை மட்டும் கேட்டாலும் போதும்.

சேசிஸ் இலக்கத்தை எஞ்சின் அறைச் சுவரிலோ முன்னாசனத்தின் கீழோ தேடி, சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எழுத்துகளைச் சுற்றிய வண்ணம் மட்டும் புதிதாக இருந்தாலோ, உலோகத்தில் வெல்டிங் வடு தெரிந்தாலோ அங்கேயே திரும்பிவிடலாம். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார் என்றால், அதே இலக்கத்தைக் கொண்டு, ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துவைத்த ஏலத்தாளைக் கட்டணத்துக்குப் பெற்றுத் தரும் சேவைகள் உண்டு. விற்பவர் நீட்டும் ஏலத்தாளை ஏற்காமல் நீங்களே எடுப்பது நல்லது. அதில் தரம் ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்துக்குப்பின் திருத்தப்பட்ட கார். படத்தில் டபிள்யூ என்பது தட்டித் திருத்திய இடத்தையும் எக்ஸ்எக்ஸ் என்பது மாற்றப்பட்ட பாகத்தையும் குறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏலத்தன்று மீற்றர் காட்டிய கிலோமீற்றர் அதில் இருக்கும்.

மூன்றாம் படி: மீற்றரோடு ஒத்துப்போகாத தடயங்கள்

சாதாரணமாக ஒரு குடும்பக் கார் ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 கிலோமீற்றர் வரை ஓடும் என்பது பொதுக்கணக்கு. பத்தாண்டான கார் 48,000 காட்டினால் அது பொய் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை வேறு சாட்சிகள் உறுதிசெய்ய வேண்டும். சேர்விஸ் நிலையங்கள் கதவோரத்தில் ஒட்டும் அடுத்த ஒயில் மாற்றச் சீட்டு, பழைய பற்றுச்சீட்டுகள், புகைப் பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றில் கிலோமீற்றர் எழுதப்பட்டிருந்தால் அவற்றைத் திகதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எண் எங்காவது பின்னோக்கிப் போகிறதா என்பதே கேள்வி.

பிறேக் மிதியின் இறப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் வளையத்தின் மேற்பகுதி பளபளத்து, சாரதி ஆசனத்தின் வலப்பக்கப் பஞ்சு அமுங்கியிருந்தால், மீற்றர் என்ன சொன்னாலும் அந்தக் கார் இலட்சத்தைத் தாண்டி ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களும் பேசும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. 35,000 மட்டுமே ஓடிய காரில் ஏற்கெனவே இரண்டாவது சோடி ரயர் ஏறியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

ஆனால் கிலோமீற்றர் குறைவு என்பதற்காகவே ஒரு காரை உயர்த்திப் பிடிப்பதும் தவறு. மட்டக்களப்பில் வேலை, கொழும்பில் குடும்பம் என்று வாரந்தோறும் போய்வரும் ஒருவரின் கார் ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர் ஓடும். ஆனால் அதில் பெரும்பகுதி சூடேறிய எஞ்சினோடு சீரான வேகத்தில் ஓடிய தூரம். நகருக்குள் இரண்டு கிலோமீற்றர் போய் நிறுத்தி, மறுபடியும் இரண்டு கிலோமீற்றர் போகும் காரில் எஞ்சின் சரியாகச் சூடேறுவதேயில்லை; ஒயிலில் ஈரமும் எரியாத பெற்றோலும் தங்கி, களிம்பு பிடிக்கிறது. ஒழுங்காக ஒயில் மாற்றப்பட்ட 1,20,000 கிலோமீற்றர்க் காரா, ஆண்டுக்கொருமுறைகூட ஒயில் மாற்றாத 45,000 கிலோமீற்றர்க் காரா என்று வந்தால் நான் முன்னதையே எடுப்பேன்.

நான்காம் படி: உப்பும் வெள்ளமும்

கொழும்பு விலைப்பட்டியலை வைத்துக் கார் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவதும், நமது மாவட்டங்களில் காரின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இந்தப் படிதான். நாவலடி, கல்லடி, காத்தான்குடி தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை மக்கள் நெருங்கி வாழ்வது கடலை ஒட்டிய ஒடுங்கிய நிலத்தில். மட்டக்களப்புப் பக்கம் மறுபுறம் வாவி வேறு. காற்றோடு வரும் உப்பு இரவில் பனியோடு தகட்டில் படிந்து, காலையில் காய்ந்து, மறுபடி நனைகிறது. ஆகவே விற்பவரிடம் கார் இரவில் எங்கே நின்றது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த வீட்டிலேயே போய்ப் பாருங்கள்.

துரு வெளித்தகட்டில் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகளை விரலால் தடவுங்கள். பின்பக்கக் கம்பளத்தைத் தூக்கி உதிரிச்சக்கரக் குழியைப் பாருங்கள். பொனட்டைத் திறந்து சொக் அப்சோபரின் மேல்முனை பொருந்தும் கோபுரத்தின் ஓரங்களையும், காரின் அடியில் ஜாக்கி வைக்கும் விளிம்பையும், பிறேக் குழாய்களையும், பெற்றோல் ஊற்றும் கழுத்தையும் கவனியுங்கள். மேற்பரப்புத் துருவைச் சுரண்டிப் பூசலாம். ஸ்குறூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டும்போது கணீரென்ற ஒலிக்குப் பதில் மொத்தென்ற ஒலி வந்தால், அந்தத் தகடு உதிரத் தொடங்கிவிட்டது. விற்பனைக்குச் சற்று முன் அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் அதைப் பராமரிப்பு என்று எண்ணி மகிழாமல், மூடப்பட்டது என்ன என்று தேடுங்கள். ஏசியின் முன்பக்கக் கண்டென்சர் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிர்வதும் கடற்கரைக் கார்களில் வழமை. அம்பாறைப் பக்கத்து வயற்பிரதேசக் கார்களில் உப்புக்குப் பதில் அறுவடைக்காலப் பதரும் தூசியும் ரேடியேற்றருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் மெத்தைபோல் அடைந்திருக்கும். எலி கடித்த வயர்களை அங்கே எப்போதும் எதிர்பார்க்கலாம்.

வெள்ளம் அடுத்தது. வடகீழ்ப் பருவமழையில் நமது மாவட்டங்கள் மூழ்குவது புதிதன்று. 2011 ஜனவரி, 2024 நவம்பர் வெள்ளங்கள் இன்னும் நினைவில் உள்ளன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் இங்கே மட்டுமல்லாது களனி ஆற்றுப் படுக்கையிலும் கொழும்பு, கம்பஹாப் புறநகர்களிலும் ஏராளமான வாகனங்களை மூழ்கடித்தது. அவ்வாறு மூழ்கிய கார்கள் கழுவி, காயவைத்து, வாசனை தெளித்து, வேறு மாவட்டங்களில் விற்கப்படுவது வழமை. அவை உடனே நின்றுவிடுவதில்லை. ஆறு மாதம், ஓராண்டு கழித்து ஒவ்வோர் இணைப்பியாகப் பச்சை பூத்து, எங்கே பழுது என்று கண்டுபிடிக்க முடியாத மின்கோளாறாக வெளிப்படும். நீண்ட கால நம்பகத்தன்மைக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஆசனப்பட்டியை இறுதிவரை மெதுவாக இழுங்கள். கழுவுபவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளின் கடைசி ஒரு சாணில் மங்கலான பழுப்புக் கோடும், விரலில் நறநறக்கும் நுண்மணலும் இருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை ஏறியிருக்கிறது. பின்னர் முன்னாசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் நட்டுகளைப் பாருங்கள்: கதவோரத்தில் துருவில்லாத காரில் இந்த நட்டுகள் மட்டும் செந்நிறமாக இருப்பதற்கு வேறு நியாயமான காரணம் இல்லை. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள், முகருங்கள். முன்விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவிக்கோடு, டாஷ்போட்டின் கீழுள்ள பியூஸ் பெட்டியில் வண்டல், சிகரெட் லைற்றர்க் குழியின் அடியில் துரு ஆகியவையும் சாட்சி சொல்லும். ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரி ஆசனத்தின் கீழோ பின்னாலோ தாழ்வாக இருப்பதால், தண்ணீர் ஆசன உயரத்தைத் தொட்டிருந்தால் அந்தக் காரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

விபத்துத் தடயங்களைப் பார்ப்பதை, தகடு தட்டித் திருத்தும் நன்கு அறிந்த ரிங்கரிங் பாஸ் ஒருவரிடம் விடுவது மேல். நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பொனட், மட்காட் நட்டுகளில் சாவி பட்ட கீறல், கதவு இடைவெளிகளின் சமமின்மை, கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் வேறு நிறுவன முத்திரை, துணி சுற்றிய சிறு காந்தம் ஒட்டாத புட்டிப் பகுதி. ஒரு மட்காட் மாற்றியதால் எந்தக் காரும் கெட்டுப்போவதில்லை. முன்பக்கச் சட்டமும் தூண்களும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள்.

ஐந்தாம் படி: குளிர்ந்த எஞ்சின்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: நான் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம். காலை ஆறரை, ஏழு மணிக்கே போய்விடுங்கள். போனவுடன் பொனட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்குக் கேட்கக் கூடாத ஒரு சத்தம் ஏற்கெனவே போக்கப்பட்டுவிட்டது.

தொடக்குமுன் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது குற்றமில்லை. அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருப்பது குற்றம். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் தார் போன்ற களிம்பு இருந்தால் ஒயில் நெடுங்காலம் மாற்றப்படவில்லை. பாலாடை நிறமாக இருந்தால், குறுந்தூர ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம், அல்லது ஹெட் காஸ்கெட் வழியாகத் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேற்றர் மூடியை எஞ்சின் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறமுள்ள கூலன்ற் இருக்க வேண்டும். வெறுங்கிணற்றுத் தண்ணீர் பழுப்பாக நிற்குமானால், அலுமினிய எஞ்சினின் நீர்வழிகள் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன என்று பொருள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் உண்டு என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொடக்கியதும் ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். நீலப்புகை ஒயில் எரிவதற்கும், சூடேறிய பின்னும் தொடரும் இனிப்பு மணமுள்ள வெண்புகை கூலன்ற் எரிவதற்கும் அடையாளம். முதல் இரண்டு விநாடிகளில் செயின் கலகலத்து அடங்கினால் செயினோ அதன் இழுவிசைக் கருவியோ தேய்ந்திருக்கிறது, விலை பேசலாம். கலகலப்பு அடங்காமல் தொடர்ந்தால் பேச வேண்டியதில்லை. டாஷ்போட்டில் எஞ்சின், ஏபிஎஸ், எயார்பேக் விளக்குகள் சாவியைத் திருப்பியதும் எரிந்து, பின்னர் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு, பல்பு கழற்றப்பட்ட விளக்கு. தகாத்தா எயார்பேக் குறைபாட்டுக்காக ஜப்பானியக் கார்கள் பல உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டன என்பதால், சேசிஸ் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சமதரையில் ஓட்டிப் பார்ப்பதன் வரம்பு

நமது நிலம் மேசைபோல் சமதரை. இங்கே ஓட்டிப் பார்க்கும்போது தளர்ந்த கிளச்சும், அடைந்த ரேடியேற்றரும், வழுக்கும் சிவிடியும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். முதன்முறை குடும்பத்தோடு மகியங்கனை தாண்டி 18 வளைவு மலைப்பாதையில் ஏறும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே ஏற்றம் இல்லாத குறையைச் சுமையால் ஈடுசெய்ய வேண்டும். நண்பகல் வெயிலில், நான்கு பெரியவர்களை ஏற்றி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, குறைந்தது முக்கால் மணிநேரம் ஓட்டுங்கள். மட்டக்களப்பில் உள்ளவர்கள் திருகோணமலை வீதியில் ஓட்டமாவடி வரை போய்வரலாம். கல்முனையில் உள்ளவர்களுக்கு அம்பாறைக்குப் போய்வருவதே போதுமானது.

சிவிடி காரில், நின்ற நிலையிலிருந்து மிக மெதுவாக எடுக்கும்போது நடுக்கம் உண்டா, ஆக்சிலேற்றரை மிதித்ததும் எஞ்சின் மட்டும் கதறி வேகம் பின்தங்குகிறதா, நாற்பதிலிருந்து அறுபதுக்குள் விசில் போன்ற ஒலி ஏறுகிறதா என்று கவனியுங்கள். சிவிடி ஒயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நமது வெப்பத்தில் 40,000, 50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் சொன்ன அதே வகை ஒயிலால் மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஹொண்டா ஃபிட்டில் கியர்ப்பெட்டி சூடேறிய எச்சரிக்கை ஒருமுறை வந்தாலும் பரிசோதனையை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். மனுவல் காரில் ஹான்ட் பிறேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் கிளச் நலம், நிற்காமல் சுற்றினால் தேய்வு.

முறக்கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்வீதிகளில் ஏதேனும் ஒரு கிறவல் பாதையில் இறக்கி, கண்ணாடிகளை மூடி, வானொலியை நிறுத்திவிட்டு இருபதில் போனால், லோவர் ஆம் புஷ், லிங்க், சொக் அப்சோபர் என்று சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் எல்லாம் தத்தம் குரலில் பேசும். இவை தேய்பவை, மாற்றக்கூடியவை. பயப்படத் தேவையில்லை, கணக்கில் எழுதிக்கொண்டால் போதும்.

ஓட்டி முடித்துத் திரும்பியதும் எஞ்சினை நிறுத்தாமல், ஏசியோடு 15 நிமிடம் வெயிலில் நிறுத்திவையுங்கள். வெப்பமானி அசையக் கூடாது, விசிறி வந்து வந்து போக வேண்டும், ஏசியின் குளிர் குறையக் கூடாது. இந்த 15 நிமிடத்தைப் பெரும்பாலான புறோக்கர்கள் விரும்புவதில்லை. விரும்பாதவருக்காகவே அதைச் செய்யுங்கள்.

ஏழாம் படி: ஸ்கேனரும் ஏற்றிப் பார்ப்பதும்

கராஜில் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது பலர் கோளாறுக் குறிகள் இல்லை என்பதோடு திருப்தியடைகின்றனர். குறிகளை அழித்துவிட்டுக் கொண்டுவருவது ஒரு நிமிட வேலை. ஆகவே அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரத்தையும், எஞ்சின் தன்னைத்தானே பரிசோதிக்கும் கட்டங்கள் முடிந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று அழிக்கப்பட்டது தெரிந்தால், இரண்டு நாள் ஓட்டிய பின் மறுபடி போடக் கேளுங்கள். விற்பவரின் முகத்தில் மறுப்பு வருகிறதா என்பதும் ஒரு தகவலே.

அக்குவா போன்ற ஹைபிரிட்டில் பெரிய பற்றரியின் ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றளவையும் சுமையின்போது பார்க்க வேண்டும். 144 வோல்ற் தரும் அந்தப் பற்றரியில் ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிடச் சுமையில் முன்னதாகச் சரிந்தால், மாதங்களில் எச்சரிக்கை விளக்கு வரும். பின்னாசன ஓரத்திலுள்ள காற்றுவழி வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தூசி கெட்டியாகிக் கிடந்தால், அந்தப் பற்றரி பல ஆண்டுகள் மூச்சுத்திணறி வெந்திருக்கிறது. ஒரு தொகுதியை மட்டும் மாற்றிப் பொருத்திய பற்றரிகள் சந்தையில் உண்டு; அவற்றின் ஆயுளை எவராலும் உறுதிசொல்ல முடியாது.

எஞ்சின் பற்றிச் சந்தேகம் மிஞ்சினால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கொம்பிரஷன் பரிசோதனை செய்யுங்கள். சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு ஏறத்தாழ 10 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. பின்னர் காரை உயர்த்தி, எஞ்சினின் அடியிலும் கியர்ப்பெட்டியிலும் ஒயில் கசிவு, ட்ரைவ் ஷாஃப்ற் இறப்பர் உறைகளின் கிழிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈரமாகக் கசிந்திருப்பது ஒன்று. இன்று காலை பெற்றோலால் கழுவித் துடைத்திருப்பது இன்னொன்று, அது மோசமானது.

எட்டாம் படி: கணக்கும் கைமாற்றமும்

கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். ரயர், பிறேக் பாட், புஷ், சாதாரண பற்றரி போன்ற தேய்பொருள்களின் விலையை விலையிலிருந்து கழியுங்கள். சிவிடி நடுக்கம், ஹைபிரிட் பற்றரித் தளர்வு, ஏசிக் கொம்பிறசர் போன்றவற்றுக்கு உதிரிப்பாகக் கடையில் அன்றைய விலையைக் கேட்டு, முழுத்தொகையையும் கழித்த பின்னும் கார் இலாபமாக இருந்தால் மட்டும் பேசுங்கள். வெள்ளம், வெட்டி ஒட்டிய முன்பக்கச் சட்டம், உதிரும் துரு, பொருந்தாத சேசிஸ் இலக்கம் ஆகிய நான்குக்கும் விலையே கிடையாது. விற்பவர் மச்சானாக இருந்தாலும் சரி, விலகுங்கள்; உறவுக்காரரிடம் வாங்கிய பழுதுக்கார் கல்யாண வீடுகளில் எவ்வளவு காலம் பேசப்படும் என்பது நமது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே.

பணம் கைமாறும் நாளிலேயே உரிமை மாற்றப் படிவங்களில் பதிவு உரிமையாளரின் கையொப்பத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் பெற்று, தாமதிக்காமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் எத்திகதிவரை செல்லும் என்பதை அதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும்.

வாங்கிய முதல் வாரத்தில், விற்பவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்று சொன்னாலும், எஞ்சின் ஒயில், ஃபில்ரர், கூலன்ற், பிறேக் ஒயில், கியர் ஒயில் எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய கிலோமீற்றரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒவ்வொரு வாரமும் காலையில் குளிர்ந்த நிலையில் ஒயில் குச்சியையும் கூலன்ற் தொட்டியையும் பார்த்து, அளவை அதே கொப்பியில் குறித்துவாருங்கள். ஒயில் மேல்கோட்டிலிருந்து அரைவாசிக்கு இறங்கியிருந்தால் கசிவா எரிவா என்பதைக் கராஜில் கண்டுபிடிக்கும்வரை கொழும்புப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.